ஐபிரேமும் அதைச் சுமக்கும் பக்கமும் பேசிக்கொள்ள ஒரு வழிகாட்டி

புறக்கோட்டையிலோ வெள்ளவத்தையிலோ உள்ள கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பவர்களுக்கு இந்த வேலை என்றாவது ஒருநாள் வந்து சேரும். கடையின் பக்கத்துக்குள் கூரியர் நிறுவனத்தின் பதிவுப் படிவமோ, முற்பதிவுக் கலண்டரோ, காசு கட்டும் பக்கமோ ஐபிரேமாக, அதாவது ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைத் திறந்து காட்டும் பெட்டியாக, உட்கார வேண்டும். அதோடு விட்டால் பரவாயில்லை. "படிவத்துக்குள்ள இன்னொரு ஸ்க்ரோல் வருது, அதை எடுத்துவிடுங்கோ", "மேல தமிழை அமத்தினா உள்ளயும் தமிழ் வரவேணும்", "டெலிவரிக் காசு எங்கட மொத்தத்தில சேரவேணும்" என்று முதலாளி கேட்பார். நியாயமான கேள்விகள்தான். ஆனால் மூன்றுக்கும் உள்ளே இருக்கும் பக்கமும் வெளியே இருக்கும் பக்கமும் ஒன்றோடொன்று பேசியாக வேண்டும்.

ஒரு துணிக்கடைத் தளத்தில் இதோடு மல்லுக்கட்டிய பிறகுதான் இதை எழுதுகிறேன். இதில் ஜாவாஸ்கிரிப்ட் வேலை உண்மையில் கொஞ்சம்தான். நேரத்தைத் தின்பதெல்லாம், கோட் எழுத முன்பே மற்றத் தரப்பிடம், அதாவது படிவத்தைத் தரும் நிறுவனத்திடம், கேட்டு வாங்கியிருக்க வேண்டிய விஷயங்கள். அதனால் முதல் இரண்டு படிகளை அவசரப்பட்டுத் தாண்ட வேண்டாம். கீழே, வெளியே இருப்பதைத் தாய்ப்பக்கம் என்றும் ஐபிரேமுக்குள் திறப்பதை உள்பக்கம் என்றும் சொல்கிறேன்.

1. இரண்டு பக்கத்தின் ஒரிஜினையும் எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொள்ளுங்கள்

ஒரிஜின் என்பது மூன்று சேர்ந்தது: எச்டிடிபியா எச்டிடிபிஎஸ்ஸா என்பது, டொமைன் பெயர், போர்ட் எண். இந்த மூன்றும் அப்படியே ஒத்துப்போனால்தான் இரண்டு பக்கமும் ஒரே ஒரிஜின். முகவரியில் அதற்குப் பின்னால் வரும் சாய்வுக்கோடும் மிச்சமும் கணக்கில் வராது.

ஒரே ஒரிஜின் என்றால் உங்களுக்கு யோகம். தாய்ப்பக்கத்தின் ஸ்கிரிப்டிலிருந்து ஐபிரேமின் கொன்டென்ட் டொக்கியுமென்டைப் பிடித்து, உள்ளே இருக்கும் பெட்டியை வாசிக்கலாம், எழுதலாம், உயரத்தை நேரடியாக அளக்கலாம். உள்ளே இருந்து விண்டோ.பேரன்ட் வழியாக வெளியே வரவும் தடையில்லை. வேறு ஒரிஜின் என்றால் பிரவுசர் நடுவில் சுவர் எழுப்பிவிடும். உள்ளே தொட்டால் செக்கியூரிட்டி எரர் வரும். அந்தச் சுவரில் இருக்கும் ஒரே ஜன்னல் போஸ்ட்மெசேஜ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை. அதன் வழியாகச் செய்தி கொடுக்கலாம், வாங்கலாம், அவ்வளவுதான்.

இதில் வழக்கமாக விழும் குழிகள்:

டபிள்யூ டபிள்யூ டபிள்யூ உள்ள முகவரியும் இல்லாத முகவரியும் இரண்டு வேறு ஒரிஜின். கடைக்காரர் பேஸ்புக்கில் ஒன்றைப் போட்டிருப்பார், விசிட்டிங் காட்டில் மற்றது இருக்கும். இரண்டில் ஒன்றைத் தீர்மானித்து மற்றதை அங்கே ரீடிரெக்ட் செய்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

ஒரே டொமைனின் இரண்டு சப்டொமைன்களும் வேறு வேறு ஒரிஜின்தான். டொக்கியுமென்ட்.டொமைனை இரண்டு பக்கத்திலும் ஒன்றாக்கினால் சரியாகிவிடும் என்று இணையத்தில் பழைய பதில்களில் இருக்கும். அது காலாவதியான வழி. குரோம் அதை இயல்பாகவே முடக்கி வைத்திருக்கிறது. அதை நம்பி நேரம் செலவழிக்க வேண்டாம்.

நம் ஊருக்கென்றே ஒரு குழியும் இருக்கிறது. டொட் எல்கே தவிர '.இலங்கை' என்று தமிழிலேயே முடியும் டொமைனும் எடுக்கலாம். பிரவுசரின் முகவரிப் பட்டையில் அது தமிழில் தெரிந்தாலும், செய்தியோடு வரும் ஒரிஜினில் தமிழ் எழுத்து இருக்காது. எக்ஸ்என் என்று தொடங்கி இரண்டு கோடு போட்ட ஓர் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் வரும். தமிழ்ப் பெயரோடு ஒப்பிட்டால் ஒருநாளும் பொருந்தாது. கொன்சோலில் (பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் கட்டளை தட்டும் இடம்) லொக்கேஷன்.ஒரிஜினை அடித்து, அது காட்டுவதை அப்படியே பிரதி எடுங்கள்.

2. மற்றத் தரப்பிடம் மின்னஞ்சலில் கேட்டு வாங்க வேண்டியவை

தொலைபேசியில் "ஓம், செய்து தாறம்" என்பார்கள். அது போதாது. எழுத்தில் வாங்குங்கள். பின்னால் ஏதாவது உடைந்தால் கையில் காட்ட ஏதாவது இருக்க வேண்டும்.

முதலாவது, அவர்களுடைய படிவத்தை ஐபிரேமில் போட அனுமதி. இது வெறும் சம்மதம் மட்டுமல்ல, அவர்களின் சேர்வர் பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் ஹெடர் என்ற குறிப்பு சம்பந்தப்பட்டது. எக்ஸ்-பிரேம்-ஒப்ஷன்ஸ் என்ற ஹெடரில் டினை என்று இருந்தால் யாருமே உள்ளே போட முடியாது. சேம்-ஒரிஜின் என்று இருந்தால் அவர்களே தவிர மற்றவர்களால் முடியாது. இப்போது இதற்குச் சரியான வழி, கொன்டென்ட் செக்கியூரிட்டி பொலிசி என்ற இன்னொரு ஹெடரில் பிரேம்-ஆன்செஸ்டர்ஸ் என்ற வரியில் உங்கள் ஒரிஜினைச் சேர்ப்பது. இரண்டு ஹெடரும் இருந்தால் இன்றைய பிரவுசர்கள் பிரேம்-ஆன்செஸ்டர்ஸையே பார்க்கும். எக்ஸ்-பிரேம்-ஒப்ஷன்ஸில் அலவ்-ஃப்ரொம் போட்டுவிட்டோம் என்று பதில் வந்தால் மரியாதையாகத் திருப்பி எழுதுங்கள்; அதை இன்றைய பிரவுசர்கள் பொருட்படுத்துவதில்லை. பக்கத்தின் தலைப்பகுதியில் மெட்டா டேக்காகப் போட்டாலும் பிரேம்-ஆன்செஸ்டர்ஸ் வேலை செய்யாது. சேர்வர்தான் அனுப்ப வேண்டும்.

கேட்கும்போது கடையின் உண்மைத் தளம், நீங்கள் சோதிக்கும் தளம் என இரண்டு ஒரிஜினையும் சேர்த்தே கொடுங்கள். பிறகு ஒன்றைச் சேர்க்கச் சொன்னால் இன்னொரு சுற்றுக் காத்திருப்பு.

இரண்டாவது, உள்பக்கத்தில் அவர்கள் ஸ்கிரிப்ட் சேர்ப்பார்களா என்பது. இதை நேரடியாகக் கேளுங்கள். வேறு ஒரிஜினில் இருக்கும் பக்கம் தானாக வாய் திறக்காவிட்டால் அதன் உயரத்தையோ அதில் என்ன தெரிவு செய்தார்கள் என்பதையோ வெளியே இருந்து அறிய வழியே இல்லை. எந்த லைப்ரரியும் இதைத் தாண்டாது. உயரத்தைத் தானாகச் சரிசெய்யும் லைப்ரரிகளும் உள்பக்கத்தில் ஒரு துண்டு ஸ்கிரிப்ட் போடச் சொல்பவைதான். அவர்கள் மறுத்தால் தயங்காமல் முதலாளியிடம் சொல்லிவிடுங்கள்: நிலையான உயரம் கொடுத்து உள்ளே ஸ்க்ரோல் வைக்கலாம், அல்லது புதிய டேபில் திறக்கலாம். என்னைக் கேட்டால் இரண்டாவதே நல்லது. போனில் ஸ்க்ரோலுக்குள் ஸ்க்ரோல் என்பது வாடிக்கையாளருக்குக் கொடுமை.

மூன்றாவது, செய்திப் பட்டியல். ஒரு பக்கத்தாளில் அடங்கும். எந்தச் செய்தியை யார் யாருக்கு அனுப்புவது, அதில் என்னென்ன இருக்கும், உயரம் பிக்சலில் முழு எண்ணா, தொகை ரூபாவிலா சதத்திலா. கடைசியாகச் சொன்னதைச் சிரிக்காமல் கேளுங்கள். சதத்தில் வந்த தொகையை ரூபா என்று எடுத்தால் 450 ரூபா டெலிவரி 45,000 ஆகிவிடும்.

காலக்கணக்கு: ஹெடர் மாற்றம் ஒரு வரிதான், ஆனால் அதைத் தொடும் அதிகாரம் வழக்கமாக வேறு ஒருவரிடம் இருக்கும். பெரிய நிறுவனம் என்றால் அனுமதிப் படிகளும் உண்டு. போயா விடுமுறை குறுக்கே வரும், சித்திரைப் புத்தாண்டுக்குக் கொழும்பே காலியாகிவிடும். தீபாவளி வியாபாரத்துக்கு முன் தளம் வேண்டும் என்று துணிக்கடைக்காரர் சொன்னால், மற்றத் தரப்புக்கு மின்னஞ்சல் அன்றைக்கே போக வேண்டும். வடிவமைப்பு எல்லாம் முடியட்டும், அப்புறம் கேட்போம் என்று இருந்தால் கடைசி வாரத்தில் படிவம் திறக்காத சாம்பல் நிறப் பெட்டி ஒன்றைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டிவரும்.

செலவு: தாய்ப்பக்கம் எச்டிடிபிஎஸ் என்றால் உள்பக்கமும் எச்டிடிபிஎஸ்ஸாக இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பிரவுசர் தடுத்துவிடும். அதற்கான சான்றிதழுக்குக் காசு கேட்பவர்கள் இருக்கிறார்கள். லெட்ஸ் என்கிரிப்ட் தரும் சான்றிதழ் இலவசம், வழமையான சான்றிதழ் 90 நாளில் முடியும் என்பதால் தானாகப் புதுப்பிக்கும்படி அமைக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் கூலியைப் பொறுத்தவரை, கொட்டேஷனில் இந்த இணைப்பைத் தனி வரியாகப் போடுங்கள். ஒரே ஒரிஜின் என்றால் அரைநாள் வேலை. வேறு ஒரிஜின், மற்றத் தரப்பு ஒத்துழைக்கிறது என்றால் இரண்டு மூன்று நாள். காத்திருக்கும் நாட்கள் இதில் சேராது என்றும் எழுதிவிடுங்கள்.

3. ஐபிரேம் குறியில் கவனிக்க வேண்டியவை

டைட்டில் கொடுங்கள், பார்வையற்றவர்களின் ஸ்கிரீன் ரீடர் அதைத்தான் வாசிக்கும். உள்பக்கத்துக்கு லொக்கேஷன், கமரா, கிளிப்போர்ட் போன்றவை தேவை என்றால் அலவ் என்ற பண்பில் பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும். படிவம் பக்கத்தின் கீழே இருந்து, லோடிங் பண்பில் லேசி என்று போட்டிருந்தால், வாடிக்கையாளர் கீழே வரும்வரை உள்பக்கம் திறக்கவே திறக்காது. அதிலிருந்து செய்தி வரவில்லை என்று தேட வேண்டாம்.

உள்பக்கம் செய்யக்கூடியதைக் கட்டுப்படுத்தும் சேண்ட்பொக்ஸ் என்ற பண்பு பற்றி மட்டும் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அலவ்-சேம்-ஒரிஜின் இல்லாமல் சேண்ட்பொக்ஸ் போட்டால் உள்பக்கத்தின் ஒரிஜின் 'நல்' (null) என்ற சொல்லாகவே வந்து சேரும், நீங்கள் எழுதி வைத்த ஒரிஜினோடு பொருந்தாது. மறுபக்கம், உங்கள் சொந்த ஒரிஜினில் இருக்கும் பக்கத்துக்கு அலவ்-ஸ்கிரிப்ட்ஸ், அலவ்-சேம்-ஒரிஜின் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், உள்ளே இருக்கும் ஸ்கிரிப்டே சேண்ட்பொக்ஸ் பண்பைக் கழற்றிவிடலாம். பூட்டுப் போட்டதில் பயனில்லை.

4. யார் முதலில் பேசுவது

பாதிப் பிரச்சினை இங்கேதான். தாய்ப்பக்கம் திறந்தவுடன் "மொழி: தமிழ்" என்று செய்தி அனுப்புகிறது. உள்பக்கம் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. செய்தியைக் கேட்க ஆளில்லை. போஸ்ட்மெசேஜ் செய்தியைச் சேமித்து வைத்துப் பிறகு கொடுக்காது. போனது போனதுதான். ஆபீஸ் ஃபைபரில் எல்லாம் சரியாக ஓடும், கடையில் போய்ப் போனில் திறந்தால் ஆங்கிலம்தான் வரும்.

ஐபிரேம் இறங்கி முடிந்ததைச் சொல்லும் லோட் இவென்டுக்குப் பிறகு அனுப்பினால் பெரும்பாலும் சரிவரும், எப்போதும் அல்ல. இன்றைய படிவங்கள் பல, பக்கம் இறங்கிய பிறகும் எதையோ சேர்வரிடம் கேட்டு வாங்கி, அதன்பிறகே லிஸனரை, அதாவது வரும் செய்தியைக் கேட்கும் பகுதியை, போடுகின்றன.

நம்பகமான ஒழுங்கு இதுதான். தாய்ப்பக்கம் முதலில் தன் லிஸனரைப் போட்டுவிட்டு, அதன்பிறகே ஐபிரேமுக்கு முகவரி கொடுக்க வேண்டும். உள்பக்கம் தன் லிஸனரைப் போட்ட மறுவரியிலேயே "ஆயத்தம்" என்ற செய்தியை வெளியே அனுப்ப வேண்டும். அது வந்த பிறகே தாய்ப்பக்கம் மொழியையும் மற்றவற்றையும் அனுப்ப வேண்டும். வாடிக்கையாளர் அதற்கு முன்பே மொழியை மாற்றிவிட்டால்? தெரிவை ஒரு மாறியில் வைத்திருங்கள், "ஆயத்தம்" வரும்போது கடைசி மதிப்பை அனுப்புங்கள். உள்பக்கம் நடுவில் ரீலோட் ஆனால் இன்னொரு "ஆயத்தம்" வரும், அப்போதும் அதையே திரும்ப அனுப்பினால் போதும்.

கொன்சோலில், நீங்கள் கொடுத்த இலக்கு ஒரிஜினும் பெறும் பக்கத்தின் ஒரிஜினும் பொருந்தவில்லை என்று ஒரு சிவப்பு வரி வரலாம். பெறும் பக்கத்தின் ஒரிஜின் என்று உங்கள் தளத்தின் பெயரையே அது காட்டும். ஐபிரேம் இன்னும் வெற்றுப் பக்கமாக இருக்கிறது, நீங்கள் அவசரப்பட்டு அனுப்பிவிட்டீர்கள் என்பதே அதன் பொருள். இதைப் பார்த்துவிட்டு இலக்கை, எந்த ஒரிஜினும் சரி என்று பொருள்படும் நட்சத்திரக் குறியாக மாற்றுபவர்கள் உண்டு. சிவப்பு வரி மறையும், செய்தி அப்போதும் போய்ச் சேராது.

5. வரும் செய்தியை நம்பாமல் வாங்குங்கள்

உங்கள் பக்கத்துக்கு யாரும் செய்தி அனுப்பலாம். உங்கள் பக்கத்தைத் திறந்த வேறொரு தளம் அனுப்பலாம், பிரவுசரில் போட்டிருக்கும் எக்ஸ்டென்ஷன்களும் அனுப்பிக்கொண்டே இருக்கும். அதனால் லிஸனரின் முதல் வரியிலேயே இவென்டின் (செய்தி வந்த நிகழ்வின்) ஒரிஜின் நீங்கள் எழுதி வைத்ததோடு முழுக்கச் சமமா என்று பாருங்கள். "இந்தப் பெயரில் தொடங்குகிறதா", "இந்தச் சொல் உள்ளே இருக்கிறதா" என்று பார்ப்பது போதாது. உங்கள் பெயரை முன்னால் வைத்துப் பின்னால் வேறு டொமைனை ஒட்டிக்கொண்டு யாரும் வரலாம். ஒப்பிடும்போது கடைசியில் சாய்வுக்கோடு இருக்கக் கூடாது. இவென்டில் வரும் ஒரிஜினில் அது இராது. அடுத்து இவென்டின் சோர்ஸ் உங்கள் ஐபிரேமின் கொன்டென்ட் விண்டோதானா என்று பாருங்கள். ஒரே பக்கத்தில் இரண்டு ஐபிரேம் இருந்தால் எது பேசியது என்று தெரிய இதுதான் வழி. அதன்பிறகே செய்தியின் வகையைப் பாருங்கள். வகை தெரியாதது என்றால் சத்தமில்லாமல் விட்டுவிடுங்கள்.

அனுப்பும்போது இலக்கு ஒரிஜினைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். நட்சத்திரக் குறி போட்டால் ஐபிரேமில் அந்த நேரத்தில் எந்தத் தளம் இருக்கிறதோ அதற்கே செய்தி போகும். வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி இலக்கம் உள்ள செய்திக்கு அது ஆகாது.

டெலிவரிக் கட்டணம் செய்தியில் வருகிறது என்றால் அதைத் திரையில் காட்ட மட்டுமே எடுங்கள். பிரவுசரில் இருக்கும் எதையும் பயனர் கொன்சோலில் மாற்றலாம். கட்ட வேண்டிய தொகையைக் கடையின் சேர்வர் கூரியரின் சேர்வரிடம் நேரே கேட்டு உறுதி செய்ய வேண்டும். வந்த சொல்லை இன்னர் எச்டிஎம்எல்லில் ஒருபோதும் போடாதீர்கள், டெக்ஸ்ட் கொன்டென்டில் போடுங்கள்.

6. உயரம்

எல்லோரும் சுலபம் என்று நினைத்து இதில்தான் மாட்டுகிறார்கள். மூன்று மொழியில் ஓடும் தளம் என்றால் இன்னும் மோசம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் முடியும் பொத்தான் தமிழில் "முகவரியை உறுதிப்படுத்துக" என்று நீள்கிறது. 360 பிக்சல் அகலப் போனில் அது இரண்டு வரியாக உடைகிறது. மேலே இருக்கும் லேபிள்களும் அப்படியே ஒவ்வொரு வரி கூடுகின்றன. ஆங்கிலத்தில் அளந்து வைத்த உயரத்தில், தமிழுக்கு மாற்றியதும் கடைசிப் பொத்தானின் மேல் விளிம்பு மட்டும் ஒரு கோடாகத் தெரிகிறது. வாடிக்கையாளர் எதை அமத்துவது?

அதோடு எழுத்துரு வேறு. தமிழ் வெப் ஃபொன்ட் தாமதமாக வந்து இறங்கும்போது வரிகளின் உயரம் மாறும். லோட் ஆனதும் ஒருமுறை அளந்து அனுப்பினால் போதாது என்பது இதனால்தான். உள்பக்கத்தில், அளவு மாறுவதைக் கவனிக்கும் ரிசைஸ் ஒப்சர்வர் போடுங்கள். மொழி மாறினாலும், ஃபொன்ட் இறங்கினாலும், பிழைச் செய்தி ஒன்று விரிந்தாலும் அதுவே எழுப்பிவிடும்.

எதை அளப்பது என்பதும் முக்கியம். முழு டொக்கியுமென்டின் ஸ்க்ரோல் ஹைட்டை அளந்தால் அது ஐபிரேமின் தற்போதைய உயரத்துக்குக் கீழே இறங்காது. படிவம் வளரும்போது ஐபிரேமும் வளரும், சுருங்கும்போது கீழே பெரிய வெள்ளை இடம் மிஞ்சும். உள்பக்கம் முழுவதையும் ஒரு டிவ்வுக்குள் வைத்து அந்த டிவ்வை அளக்கச் சொல்லுங்கள். தசமத்தை மேல்நோக்கி முழு எண்ணாக்க வேண்டும், இல்லாவிட்டால் அரைப் பிக்சலுக்காக ஒரு ஸ்க்ரோல் பட்டை முளைக்கும். பிள்ளை உறுப்புகளின் மார்ஜின் டிவ்வை விட்டு வெளியே வழியாமல் இருக்க அதற்குக் கொஞ்சம் பேடிங் கொடுங்கள்.

உள்பக்கத்தின் சிஎஸ்எஸ்ஸில் 100 விஎச் என்று எங்காவது இருந்தால் தேடி எடுத்துவிடுங்கள். ஐபிரேமுக்குள் அந்த அளவு ஐபிரேமின் உயரத்தைக் குறிக்கும். உயரம் கூட்டினால் படிவமும் கூடும், படிவம் கூடியதால் உயரமும் கூடும், பக்கம் கண்முன்னாலேயே கீழே ஓடிக்கொண்டே இருக்கும். முன்னர் அனுப்பிய உயரமும் புதியதும் ஒன்றானால் செய்தி அனுப்பாமல் விடுவதும், தாய்ப்பக்கத்தில் ஒரு மேல் எல்லை வைப்பதும் நல்லது.

7. குக்கியும் லொகினும்

தனி டேபில் லொகின் ஆகியிருக்கும் ஆள், ஐபிரேமுக்குள் வந்ததும் லொகின் இல்லாதவர் ஆகிவிடுவார். குக்கியில் (லொகினை நினைவில் வைக்கத் தளம் பிரவுசரில் போடும் குறிப்பு) சேம்சைட் என்ற பண்பு எதுவும் குறிப்பிடாவிட்டால் குரோம் அதை லாக்ஸ் என்று எடுத்துக்கொள்ளும், வேறு தளத்துக்குள் ஐபிரேமாக இருக்கும்போது அனுப்பாது. சேம்சைட்டை நன் (None) என்றும் கூடவே செக்கியூர் என்றும் உள்பக்கத்தின் சேர்வர் போட வேண்டும். அப்படிப் போட்டாலும் சஃபாரி 2020 முதல் மூன்றாம் தரப்புக் குக்கிகளை (ஐபிரேமில் உள்ள வேறு தளத்தின் குக்கிகளை) முழுதாகத் தடுக்கிறது. ஐபோன் வைத்திருக்கும் வாடிக்கையாளர் எல்லோருக்கும் இதே கதைதான். லோக்கல் ஸ்டோரேஜும் தப்பாது, அதைத் தாய்த்தளம் வாரியாகப் பிரித்து வைத்திருப்பார்கள்.

என் அபிப்பிராயம்: ஐபிரேமுக்குள் லொகின் தேவைப்படும் வேலையை எடுக்காதீர்கள். தவிர்க்க முடியாது என்றால், கடையின் சேர்வர் உள்பக்கத்தின் சேர்வரிடமிருந்து சில நிமிடமே செல்லுபடியாகும் ஒரு டோக்கனை (அடையாளச் சீட்டு) வாங்கி, அதை "ஆயத்தம்" வந்த பிறகு செய்தியாகக் கொடுக்கலாம்.

8. சோதிக்கும்போது

பைலை நேரடியாக இருமுறை கிளிக் செய்து திறந்து சோதிக்க வேண்டாம், அப்போதும் ஒரிஜின் 'நல்' என்றே வரும். உங்கள் கணினியிலேயே லோக்கல்ஹோஸ்டில் இரண்டு போர்ட்களை ஓட விடுங்கள். தாய்ப்பக்கம் 3000 இல், உள்பக்கம் 4000 இல் என்றால் இரண்டும் வேறு ஒரிஜின். மற்றத் தரப்பு ஹெடரை மாற்றும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்காமல், அவர்களின் படிவத்துக்குப் பதிலாக நீங்களே ஒரு போலி உள்பக்கம் எழுதி, செய்திப் பட்டியலில் உள்ளபடி பேச வைக்கலாம்.

குரோமின் டெவலப்பர் டூல்ஸில் கொன்சோலின் மேலே ஒரு சிறு பட்டியல் இருக்கும். அதில் ஐபிரேமைத் தெரிவு செய்தால் நீங்கள் தட்டும் கட்டளை உள்பக்கத்தில் ஓடும். தெரிவு செய்யாவிட்டால் எல்லாம் தாய்ப்பக்கத்தில்தான் ஓடும். நெட்வொர்க் பகுதியில் வேகத்தைக் குறைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள், நான்காவது படியில் சொன்ன பிழை இருந்தால் உடனே வெளியே வரும். டேட்டா குளோன் எரர் என்று வந்தால், செய்திக்குள் ஒரு ஃபங்ஷனையோ பக்கத்தின் உறுப்பையோ வைத்து அனுப்பப் பார்த்திருக்கிறீர்கள். வெறும் எண், சொல், பட்டியல், ஒப்ஜெக்ட் மட்டும் வையுங்கள்.

கடைசியாக ஓர் ஐபோனையும் ஒரு மலிவான அன்ட்ரொய்ட் போனையும் கடன் வாங்கியாவது, வைபையை நிறுத்திவிட்டு மொபைல் டேட்டாவில், மூன்று மொழியிலும் படிவத்தை முடித்துப் பாருங்கள்.

9. தளம் ஏறிய பிறகு

ஒரே பக்கத்தில் ஐபிரேமை எடுத்து எடுத்துப் போடும் தளம் என்றால், ஐபிரேமை அகற்றும்போது லிஸனரையும் அகற்றுங்கள். இல்லாவிட்டால் ஒரு செய்திக்கு மூன்று முறை டெலிவரிக் காசு சேரும். செய்திகளில் ஒரு பதிப்பு எண் வையுங்கள், மற்றத் தரப்பு வடிவத்தை மாற்றும்போது பழையதையும் கொஞ்ச நாள் ஏற்றுக்கொள்ளலாம். "ஆயத்தம்" பத்து விநாடிக்குள் வராவிட்டால் ஐபிரேமை மறைத்து, படிவத்தைப் புதிய டேபில் திறக்கும் இணைப்பையும் கடையின் தொலைபேசி இலக்கத்தையும் காட்டும்படி செய்யுங்கள். கடை டொமைனை மாற்றப் போகிறது என்றால், பழைய டொமைன் முடியும் திகதிக்கு ஒரு மாதம் முன்பே புதிய ஒரிஜினைச் சேர்க்கச் சொல்லி மற்றத் தரப்புக்கு எழுதுமாறு முதலாளியிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.